மேகபுரிமீது ஒரு விசாரணை

தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டிச் செய்த இரண்டு அட்டைக் கிரீடங்கள். ஒன்று வானில் மிதக்கும் மேகபுரிக்கு, மற்றது பூமிக்கடியிலிருக்கும் பாதாளபுரிக்கு. அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டுவிழாவுக்கு என் அலுவலக சூப்பரின்டென்டென்ட் எழுதிய மாயாஜால நாடகம். பல வருடங்களாக அவர் மேடையேற்றக் காத்திருந்த கதை. மேகபுரியின் ஒளிக்கல்லைப் பாதாளத்தான் ஒருவன் திருடுவான். மேகபுரி இளவரசன் பாதாள நகரையே எரித்துக் கல்லை மீட்பான். தர்மம் வென்றதென்று அவன் கழுத்தில் மாலை விழும். நான் மேகபுரி மந்திரி. தலையாட்டினால் போதும், அலுவலகத்தில் நல்ல பயிற்சி இருந்தது.

மேகபுரியார் மாட்டுங்கா குமாஸ்தாக்கள். பாதாளத்தார் தாராவித் தோல் பட்டறைக்காரர்கள். இந்தப் பங்கீடு எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை. விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில் பாதாள ராஜாவாக நடித்த அண்ணாச்சி கிரீடத்தைக் கழற்றினார்.

“திருடுனவன் ஒருத்தன். ஊரையே கொளுத்திட்டு மாலையும் இவுகளுக்கு. நாங்க செத்துக்கிட்டே கைதட்டணுமாக்கும்?”

“டிராமான்னா யாராவது ஜெயிச்சுதானே ஆகணும்?” என்றான் இளவரசனாக நடித்த குமாஸ்தா.

“ஜெயிங்க தம்பி, வேண்டாங்கல. பிள்ளைகள எரிச்சதையும் சொல்லிட்டு ஜெயிங்க.”

தாராவிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் போனால் நாடகம் இல்லை. சூப்பரின்டென்டென்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆபீஸ்ல ஸ்டாம்ப் பேடு காணாமப் போனாலே விளக்கம் கேக்காம பியூனைத் தண்டிக்க முடியாது. நான் ஒரு ஊரையே எரிச்சிருக்கேன். உக்காருங்கோ.”

எழுதியவர் தன் எழுத்தைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதை நான் கண்டது அன்று மட்டும்தான். நாடக முடிவில் இளவரசனையும் நிறுத்திக் கேட்கும் ஒரு விசாரணைக் காட்சி சேர்ந்தது. அதில் அண்ணாச்சிக்கும் சலுகை இல்லை. திருடன் கொண்டுவந்த கல்லை எங்கே ஒளித்தாய் என்ற கேள்விக்குப் பாதாள ராஜா, “தொட்டிலுக்கு அடியில்” என்றாக வேண்டும். குழந்தைகளைக் கேடயமாக்கியவனும் தர்மவான் அல்லவே. அண்ணாச்சி சற்று யோசித்தார். “அதுவும் நெசந்தான். எழுதுங்க.”

விழா மாலையில் அந்தக் காட்சி முடிந்ததும் யாருக்குக் கைதட்டுவதென்று தெரியாமல் முன்வரிசை விழித்தது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: “தொட்டில்ல கெடந்த பிள்ள என்னாச்சு?”

அதற்கு இளவரசனுக்கு எழுதிய வசனம் இல்லை. அவனே சொன்னான்: “செத்துப்போச்சும்மா. நான்தான் கொளுத்தினேன்.”

நாடகம் முடியவில்லை, சூப்பரின்டென்டென்ட் ஆசையாக எழுதிய ஒரு பக்கச் செய்யுள் பாக்கி. அவர் அதைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தாமே கயிற்றை இழுத்துத் திரையை இறக்கினார்.

பிறகு பணியில் எத்தனையோ விசாரணைகளை முறைப்படி நடத்தினேன். அவ்வளவு சுருக்கமான வாக்குமூலம் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.