பதினேழாம் எண்ணுக்கு நேரே

அறிக்கையக்கா என்றால் எங்கள் அமைச்சகத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். தபால் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டிருந்த எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரிதான் இருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவள். மதியம் வந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, “இன்னைக்கும் அண்ணிக்கு உங்க மேல கோபமாண்ணே?” என்பாள்.

அவள் வேலை இதுதான். ஆளைப் பிடித்துக்கொண்டு போய் மறைக்க மாட்டோம், அப்படி எவனாவது செய்தால் விசாரிப்போம் என்று எங்கள் அரசு உலக நாடுகளுக்கு முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் சும்மா விடுவார்களா? சொன்னபடி நடந்தோம் என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதைத் தயாரிப்பவள் அவள். தயாரிப்பது என்றால், போன தடவை அனுப்பியதைக் கணினியில் திறந்து வருடத்தை மாற்றுவது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற வரியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

“எடுத்தாச்சுன்னா என்ன எடுத்தீங்கன்னு கேப்பாங்க. எடுக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க. எடுத்துக்கிட்டே இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது” என்பார் இயக்குநர். அவள் வெளியே வந்து அதை அவர் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டுவாள். சிரித்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருடம் குழுவிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. காணாமல் போன நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று அரசு பதில் சொல்ல வேண்டும். உறையைப் பிரித்து, முத்திரை குத்தி, அவள் மேசையில் வைத்தவன் நான்தான். கொஞ்ச நேரத்தில் அலமாரிக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். பதினேழாம் எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என் தம்பிண்ணே” என்றாள்.

அச்சகத்தில் வேலை பார்த்தவன். இருபத்துமூன்று வயது. ஒரு வேலைநிறுத்தத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தான் என்று, பட்டியல் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் சீருடை இல்லாத நாலு பேர் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் அம்மா ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் ஒரு மனித உரிமை அமைப்பிடம் எழுதிக் கொடுத்தார். அது கடல் தாண்டிப் போய், குழுவின் கேள்வியாகத் திரும்பி, பெற்ற மகளின் மேசைக்கே வந்து நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரோடு புருஷன் பெயர் ஒட்டிக்கொண்டதால் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்தொரு பேருக்கும் இயக்குநர் ஒரே பதில் சொன்னார்: ‘விசாரணை நடைபெற்று வருகிறது. மூன்று மாதங்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும்.’

“எந்த விசாரணை சார்? ஒரு கோப்புகூட இல்லையே?”

“கோப்பு இருந்தாத்தான் விசாரணையாம்மா? எழுதுங்க.”

எழுதினாள். சாயங்காலம் அம்மாவிடம் போய் மூன்று மாதம் என்றும் சொன்னாள். அம்மா அலுவலகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் தனியாக இருந்தார். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். மாடியில் ஒரே அறை, மழை பெய்தால் ஊறும் சுவர், முழங்கால் வலிக்காரர் ஏறவே கூடாத படிக்கட்டு. எங்களோடு வந்து இருங்கள் என்று மருமகன் கெஞ்சாத நாள் இல்லை. “அவன் வந்து தட்டும்போது வேற யாராவது கதவைத் திறந்தா புள்ள எங்கப்பா போவான்?” என்று கேட்பார் அம்மா.

மூன்று மாதம் நான்கு வருடம் ஆனது.

அடுத்த அறிக்கையின்போது அறிக்கையக்கா ஒரு காரியம் செய்தாள். நாற்பத்தொரு பேரைப் பற்றியும் தகவல் கேட்டு, அமைச்சகத்தின் தாளிலேயே காவல் நிலையங்களுக்கு முறைப்படி கடிதம் அடித்தாள். அதற்கு முன் எழுத்தில் கேட்டவர்களே கிடையாது. அன்றாடக் கோப்புகளின் நடுவே செருகி வைத்தாள். இயக்குநர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி வந்தன: அந்தப் பெயரில் யாரும் அழைத்து வரப்படவில்லை. ஒரே ஒரு நிலையத்தின் எழுத்தர் மட்டும் ரொம்பக் கறாரான ஆள் போலிருக்கிறது. பெயர் இல்லை என்பதற்கு ஆதாரமாக, தம்பியைப் பிடித்துப் போன நாளின் பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தார். மனுஷன் பெயர் இருக்கும் கட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வரியில் பெயர் இல்லை. ‘பெயர் சொல்ல மறுத்தார். ஆண், வயது சுமார் 23, இடது கையில் ஆறு விரல்’ என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில், ‘மறுநாள் காலை உடல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது.’

அதை என் மேசையில் வைத்தாள். “சின்னதுல விரல் விட்டுக் கணக்குப் போட்டா பதினொண்ணு வரைக்கும் போவாண்ணே” என்றாள். அழுகை வந்தது எனக்குத்தான்.

தெரிந்த வக்கீலிடம் கேட்டோம். அலுவலகத் தாளை வெளியே எடுத்தால் வேலையும் போகும், உள்ளேயும் போகவேண்டி வரும் என்றார். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நாம் கொடுத்தால்தானே திருட்டு? அரசே தன் கையெழுத்தோடு குழுவுக்கு அனுப்பினால்? இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையின் வாலில் ‘இணைப்பு ஒன்பது’ என்று அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைச் சேர்த்தாள். இயக்குநர் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அனுப்புகை எண் போட்டேன்.

“அம்மாகிட்ட சொன்னியா?”

“குழு கேக்கட்டும்ணே. அரசாங்கம் ஒத்துக்கட்டும். உடம்பை எங்க கொண்டு போனாங்கன்னு தெரியட்டும். அப்புறம் சொல்றேன்.”

எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒன்பது மாதம் ஒவ்வொரு தபால் பையையும் நானே பிரித்தேன்.

வந்தது. உரிய காலத்தில் அறிக்கை அனுப்பியதற்குக் குழு நன்றி தெரிவித்திருந்தது. நாற்பத்தொரு பேரைப் பற்றிக் கவலையும் தெரிவித்திருந்தது. இணைப்பு ஒன்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இணைப்புகள் மொழிபெயர்க்கப்படுவதில்லை, அவை கோப்பில் வைக்கப்பட்டுள்ளன.

கொன்றவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் அங்கே ஓர் அலமாரியில் கிடக்கிறது, எடுத்துப் படிக்க ஆளில்லை. அந்தக் குழுவையும் நான் திட்டிப் பயனில்லை. பத்தே பேர், உலகத்து அறிக்கையெல்லாம் அவர்கள் தலையில். ஆனாலும் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. இயக்குநர் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறைதான். “நன்றி சொல்லியிருக்காங்க, பாத்தீங்களா?” என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவளும் ஒன்றை எடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் யார் குரலிலும் பேசிக் காட்டியதில்லை.

இன்னும் நான்கு வருடம் போனது. அம்மாவிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. இயக்குநர், “போன தடவை இணைப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார். ஆக, இணைப்பு ஒன்பது இரண்டாம் முறையும் போகத் தயாரானது. இந்த முறை குழு அனுப்பிய அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது: ‘குடும்பத்தினருக்கு உண்மை தெரிவிக்கப்பட்டதா?’

“இது ஒரு கேள்வியா? எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டுடுங்கம்மா.”

ஒவ்வொன்றாகப் போட்டாள். பதினேழை மட்டும் தாண்டிக்கொண்டு போய் நாற்பத்தொன்றில் முடித்தாள். பிறகு மேலே ஏறி வந்து அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டரை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கேம்மா போற? நாலு மணிக்குள்ள அனுப்பணுமாம்.”

“நாப்பது பொய் எழுதிட்டேண்ணே. இதுக்குக் கை வரலை.”

அவள் திரும்பி வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. முகம் கழுவியிருந்தாள், முந்தானை ஈரமாக இருந்தது. நேராக உட்கார்ந்து, பதினேழாம் எண்ணுக்கு நேரே ‘ஆம்’ என்று அடித்தாள். அச்செடுத்து என்னிடம் நீட்டினாள்.

“எல்லாமா சொல்லிட்ட?”

“எல்லாத்தையும். அந்தப் பக்கத்தை அப்படியே படிச்சுக் காட்டினேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஆறு விரல்னு எழுதியிருக்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம், ‘அப்போ இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்’னாங்க.”