காக்காவுக்கு உதடு இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அரையாண்டுப் பரீட்சை லீவில், தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நாங்கள் போனது கல்யாணத்துக்கு இல்லை. நானும் என் மகளும் ஒரு காக்காவைப் பார்க்கப் போனோம்.

குழந்தைகள் டிவி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அறிவுப் போட்டி வரும். அதை நடத்துவது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கார்ட்டூன் காக்கா. ஏதாவது ஒரு ஊரையோ மிருகத்தையோ மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு க்ளூவாகச் சொல்லும். முதல் க்ளூவிலேயே கண்டுபிடித்து பஸ்ஸரை அமுக்கினால் மார்க் அதிகம். பொறுத்துப் பொறுத்து அமுக்கினால் கம்மி. தப்பாகச் சொன்னால் காக்கா இறக்கையால் தலையில் அடித்துக்கொள்ளும். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு அந்தக் காக்கா என்றால் உயிர்.

அவளுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருப்பாள். மெஷின் பாதி, எதிரில் பேசுகிறவர் உதடு பாதி, இரண்டையும் சேர்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். எனக்கு உத்தமபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை. தோட்டத்து மோட்டாரைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கிற நேரத்தில் வாசலில் நிற்பவர் என்ன கத்தினாலும் என் காதில் ஏறாது. லீவு நாளில் அவள் கடையில் இருந்தால் எனக்குக் கவலை இல்லை. வந்தவர் வாயைப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்து, "அத்தா, ஓடைப்பட்டிக்காரவுக வந்துருக்காக. திராட்சைக்குத் தண்ணி பாய்ச்சணுமாம், மோட்டாரு நாளைக்கே வேணுமாம்" என்று சொல்லிவிடுவாள். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடர்த்தியாக மீசை வைத்தவர்கள் வந்தால் மட்டும் திணறுவாள். உதட்டை மீசை மூடிவிடுமே. அவளுடைய சின்ன வயதில் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர் என்னிடம், "முதல்ல நீங்க மீசைய எடுங்க. பிள்ளைக்கு உங்க உதடு தெரியணும்" என்று சொல்லியிருந்தார். எடுத்தேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் இழுத்தடித்தேன். எங்கள் பக்கத்தில் மீசையை எடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் விசாரிப்பான். விசாரிக்கவும் செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துத் தேர்வு வைத்து அந்தப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். என் மகள் தேர்வானாள். கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சனீஸ்வரன் கோயில் இருக்கிற குச்சனூரிலிருந்து மோட்டார் கொண்டுவந்த விவசாயி ஒருவர், "ஏன் பாய், எங்க ஊருச் சாமி வாகனமா ஒங்க மகள்ட்ட கேள்வி கேக்கப் போகுது? அப்ப நல்லபடியாத்தான் முடியும்" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் மணமேடையின் ஒரு ஓரத்தில் உயரமாகப் பெரிய திரை வைத்திருந்தார்கள். அதன் கீழே காமிரா, விளக்கு. மறு ஓரத்தில், திரையைப் பார்த்தபடி, ஆளுக்கொரு பஸ்ஸர் மேஜை. போட்டிக்கு வந்த பிள்ளைகளை நிற்கவைத்து ஒரு ஒத்திகை பார்த்தார்கள். திரையில் காக்கா வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். காக்கா முதல் க்ளூவைச் சொன்னதும் பக்கத்து மேஜைப் பையன் பஸ்ஸரை அமுக்கினான். என் மகள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே நின்றாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, மேடையிலிருந்தே சொன்னாள்.

"அத்தா, காக்காவுக்கு ஒதடு இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிவியில் ஒவ்வொரு க்ளூவும் கீழே எழுத்தாகவும் வரும். அவள் அதைப் படித்துத்தான் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தெல்லாம் ஒளிபரப்புக்கு முன்னால் சென்னையில் வைத்துச் சேர்ப்பதாம். இங்கே வெறும் காக்காதான். அதன் அலகு திறக்கும், மூடும், அவ்வளவுதான். மண்டபத்தில் ஸ்பீக்கர் சத்தம் எதிரொலித்ததில் காது மெஷினும் கை கொடுக்கவில்லை.

நிகழ்ச்சியைக் கவனித்துக்கொண்ட பெண்ணிடம் போனேன். தலையில் ஹெட்போனும் கையில் வாக்கிடாக்கியுமாக அலைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சங்கடப்பட்டார். "இந்தத் தடவை பாப்பா ஆடியன்ஸ்ல உட்காரட்டும் சார். கிஃப்ட் கண்டிப்பா குடுத்துடறோம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிஃப்ட் வாங்கவா உத்தமபாளையத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்தோம்? "அவ ஆடாம நாங்க ஊருக்குப் போகப்போறதில்ல" என்றேன். அட்டையில் எழுதிக் காட்டலாமே என்றும் கேட்டேன். காக்கா பிள்ளைகளின் பதிலுக்குத் தகுந்தமாதிரி அந்த நேரத்தில் தோன்றுவதையும் பேசும், அதை எழுதிக் காட்டி மாளாது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணலாம் சார். கேள்வி எல்லாத்தையும் பாப்பாவுக்கு முன்னாடியே பேப்பர்ல காட்டிடறோம். யாருக்கும் தெரியாது."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் மேடையில் நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு.

நாங்கள் கிசுகிசுத்தது பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் மேடையில் இருந்தவள் எங்கள் இரண்டு பேர் வாயையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"அது வேணாத்தா. முன்னாடியே பாத்துட்டா அப்பறம் அது வெளாட்டே இல்லையே."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மகள் விடவில்லை. "காக்காவுக்குப் பேசுறது யாரு?" என்று அவரிடமே கேட்டாள். திரைக்குப் பின்னால் ஒருவர் மைக்கில் பேசுகிறார் என்றார். "அவுகள எனக்கு முன்னாடி நின்னு பேசச் சொல்லுங்க. காக்கா அது பாட்டுக்கு டிவியில இருக்கட்டும்."

இவ்வளவு பேர் கூடியிருந்தும் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காக்காவின் கீச்சுக்குரலுக்குச் சொந்தக்காரர் ஆறடி உயரம், வாட்டசாட்டமான உடம்பு, மேலுதடு முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு மீசை.

அவர் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு நேர் எதிரே, காமிராவுக்குக் கீழே வந்து நின்றார். "எங்க, பாக்கலாம்" என்று ஒரு க்ளூ சொன்னார். என் மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பாதி பிடித்தாள், பாதி நழுவியது. மறுபடி நிதானமாகச் சொன்னார். அப்போதும் அதே கதைதான்.

காரணம் எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனுஷரிடம் அதை எப்படிக் கேட்பது? பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாப்பிள்ளையிடம்கூட நான் அப்படிக் கேட்கமாட்டேன். 

அவள் கேட்டாள். தன் மேலுதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டி, "சார், மீச மறைக்குது" என்றாள்.

 அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "மறைக்குதா?" என்று கேட்டார். "முழுசா மறைக்குது" என்றாள் இவள், கொஞ்சமும் தயவு தாட்சணியம் இல்லாமல். அவர் சட்டென்று திரும்பி மேடைக்குப் பக்கத்து அறைக்குள் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அது மாப்பிள்ளை ரூம். அங்கே பெரிய கண்ணாடி உண்டு. எதிர்க் கடைக்கு ஆள் அனுப்பி ரேசர் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். உள்ளே மீசையோடு போனவர் மீசை இல்லாமல் வெளியே வந்தார். மேலுதட்டில் ஒரு சின்ன வெட்டு, அதன்மேல் ஒரு பொட்டுப் பஞ்சு. என்னைக் கடக்கும்போது, "வீட்டுல சம்சாரத்துக்கு அடையாளம் தெரியணும் பாய்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

போட்டி நடந்தது. திரையில் காக்கா, கீழே அவர். என் மகள் அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பட்பட்டென்று பஸ்ஸரை அமுக்கினாள். கடைசிக் கேள்விவரை அவளும் பக்கத்து மேஜைப் பையனும் சரிக்குச் சரியாக வந்தார்கள். "நான் முட்டையும் போடுவேன், குட்டிக்குப் பாலும் கொடுப்பேன்" என்று முதல் க்ளூ வந்தது. இவள் முந்திக்கொண்டு அமுக்கி, "வௌவால்" என்றாள். காக்கா தலையில் அடித்துக்கொண்டது. கீழே அவரும் சேர்ந்து அடித்துக்கொண்டார். அந்தப் பையன் பிளாட்டிபஸ் என்று சரியாகச் சொல்லி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளைத் தேற்ற வேண்டுமே என்று, "போகுது விடும்மா, ரெண்டாவது வந்ததே பெருசு" என்றேன். என்னை முறைத்தாள்.

"தெரியாமத்தானத்தா தோத்தேன். கேள்வி புரியாமத் தோக்கலையே" என்றாள். வீடு வந்து சேர்ந்ததும், முட்டை போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகள் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று என் போனில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு அந்த நிகழ்ச்சி டிவியில் வந்தது. காக்கா வந்தது, கீழே எழுத்து வந்தது. அந்த மனுஷரின் நிழல்கூடத் தெரியவில்லை. பெற்ற மகளுக்காக மீசையை எடுக்க நான் ஒரு மாதம் யோசித்தேன், யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. அந்த வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். அதில் மற்ற பிள்ளைகளெல்லாம் அடிக்கடி மேலே காக்காவை அண்ணாந்து பார்ப்பார்கள், என் மகள் மட்டும் நேர் எதிரே, தான் வாய்விட்டுக் கேட்டு வரவழைத்த ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.