முனியப்பனுக்கு அடித்த ஹார்ன்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கால் வீங்கி, பிரஷர் ஏறிக் கிடந்தது. பெரம்பலூர் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "மாத்திரை பாதி, தூக்கம் பாதி. மத்தியானமும் படுத்துத் தூங்கணும். இல்லேன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

தூங்குவதாம்! எங்கள் வீடு அரியலூர் ரோட்டோரம். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளின் இரைச்சல்கூடப் பழகிவிட்டது. ஆனால் எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொருத்தனும் ஹார்னை அலறவிடுவான். அக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளைவு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஆடுமாடுகூடக் குறுக்கே வராது. பிறகு எதற்கு? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர் டீக்கடையில் நின்ற டிரைவர் ஒருவரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"ஏண்ணே, எங்க வூட்டு வாசல்ல மட்டும் அலறவுடுறீங்க?"

"உங்க வூட்டுக்கா அடிக்கிறோம்?" என்று சிரித்தார். "பக்கத்துல முனியப்பன் நிக்கிறாருல்ல பாப்பா, அவருக்குக் கும்பிடு. ஸ்டியரிங்க வுட்டுட்டுக் கை கூப்ப முடியுமா?"

அட! புளியமரத்தடியில் தினமும் பார்க்கிற சாமி. எனக்குத் தோன்றவே இல்லையே!

ஹார்னை நிறுத்தச் சொல்லலாம் என்றதும் அம்மா நடுங்கினாள். "சாமிக்குப் போடுற கும்பிடத் தடுத்தா தெய்வக் குத்தம்டி." அப்படியானால் சாமியையே கேட்டுவிடுவோம் என்றேன். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். அம்மாவே கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளைதான். உடனே ஒரு தகரத்தில் எழுதி மரத்தில் கட்டினேன்: 'முனியப்பன் உத்தரவு. ஹார்ன் வேண்டாம். மனசுக்குள் கும்பிடவும்.'

மறுநாள் மத்தியானம் லாரிகள் ஹார்ன் இல்லாமல் போயின. சில டிரைவர்கள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் மேல் பிரியமும் வந்தது. உள்ளே அக்கா அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அவளைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அப்புறம் பாய்ந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயோ, என்னாச்சுடி? கண்ணத் தொறடி!"

அக்கா பதறி எழுந்தாள். "ஏம்மா, இப்பத்தானே கண்ணசந்தேன்!"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அசையாமக் கெடந்தியேடி. நீ வந்ததுலேர்ந்து தூங்கி நான் பாத்ததே இல்லியே."