பாறை பேசி முடிக்கட்டும்

எங்களுக்கு மேல்மாடி வீட்டில் சில நாட்களாகத் தரை மாற்றுகிறார்கள். டைல்ஸ் அறுக்கும் மெஷின் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வாயை மூடுகிறது. அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பால்கனியில் நின்று, மேலிருந்து இறங்கும் ஈரக் கல்தூள் வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டிருக்கிறேன். "தும்மல் வரலையா உங்களுக்கு?" என்கிறாள் மனைவி. வரத்தான் செய்கிறது. தும்மிக்கொண்டே நிற்கிறேன்.

எனக்கு இது கல்குவாரி வாசனை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால், திருநீர்மலைப் பக்கம், சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு குவாரி இருந்தது. மலையாக இருந்ததை உடைத்து உடைத்துப் பள்ளமாக்கியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தினமும் மதியம் அங்கே வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். பிறகு 'டொம்' என்று ஒரு சத்தம். உடனே எங்கள் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். காலனிக்காரர்கள் மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். முதல் கையெழுத்து எங்கள் அப்பாவுடையது. ஒருவழியாகக் குவாரியை மூடினார்கள். ஏன் மூடினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட எப்போது உட்காருவது என்று அப்பாவுக்குப் பிடிபடவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தபடி ஹாலில் நடந்துகொண்டிருப்பார்.

மூடிய குவாரிக்கு என்னைக் கூட்டிப்போனவன் பாஸ்கர். கல்லூரியில் என்னோடு படித்தவன். எங்களைப் போல வேலைக்காக வந்து குடியேறிய குடும்பம் இல்லை, அந்த ஊர்க்காரன். அவனுடைய சித்தப்பா குவாரியில் டிப்பர் லாரி ஓட்டியவர். அந்த உரிமையில், பரம்பரை அரண்மனையைச் சுற்றிக்காட்டுகிறவன் போலத்தான் நடப்பான். கல் உடைக்கும் கிரஷர் இருந்த மேடை, ஜல்லி கொட்டிய காங்கிரீட் தொட்டி, கூரை போன ஆபீஸ் அறை. கல்லைச் சுமந்துபோன நீளமான பெல்ட்டில் ரப்பரையெல்லாம் யாரோ செருப்புக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். லாரி எடை போடும் மேடை மட்டும் அப்படியே இருந்தது, அடியில் மழைத்தண்ணீரும் தவளைகளுமாக. நான் அதன்மேல் ஏறி நின்று எடை கேட்டால், "காலி வண்டி" என்பான். வெடிமருந்து வைத்திருந்த அறையில், சிவப்பில் 'அபாயம்' என்று எழுதிய சுவருக்குக் கீழே, ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் நடுவில், பள்ளத்தில் தேங்கிய பச்சை நிறத் தண்ணீர். அந்தப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. தண்ணீர் ஆளை இழுக்கும் என்பாள் அம்மா. பாஸ்கரும் அதை நம்பினான், நானும் நம்பினேன். தள்ளியே நிற்போம்.

எங்களோடு அக்காவும் அங்கே வரத் தொடங்கியது ஒரு மார்ச் மாதம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை. பி.எட். முடித்தாள், நல்ல மார்க். ஆனால் குரல் இருக்கிறதே, அது வெளியே வருவதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் உப்புக் கேட்டால் எனக்கே கேட்காது. டெமோ கிளாஸ் எடுக்கப் போன இரண்டு பள்ளிகளிலும் ஒரே பதில்தான். பாடம் நன்றாக இருக்கிறது, கேட்கத்தான் இல்லை. மூன்றாவதாகத் தாம்பரத்திலேயே ஒரு பள்ளி கூப்பிட்டிருந்தது. இதுவும் போனால் இந்த வருஷம் அவ்வளவுதான், டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்து ஏதாவது ஆபீஸ் வேலை பார் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மொட்டை மாடியில் கத்திப் பழகினாள். எதிர்வீட்டு மாமி பதறிக்கொண்டு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ரயில்வே மைதானத்துக்குப் போனால் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் பாஸ்கர் சொன்னான்: "குவாரிக்கு வாக்கா. அங்க கேக்கறதுக்கு ஆடுதான் கீது. மலை திருப்பிப் பேசற வரிக்கும் வுடாத."

முதலில் அவனே கைகளைக் குவித்துத் தன் பேரைக் கூவிக் காட்டினான். பாறை அதைப் பலமுறை சொல்லி ஓய்ந்தது. தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தான். அடுத்து அக்கா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் வரியைச் சொன்னாள்: "தாவரங்கள் தங்கள் உணவைத் தாமே தயாரிக்கின்றன." ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. பாறை கண்டுகொள்ளவில்லை.

தினமும் சாயங்காலம் போனோம். ஒருநாள் பாறை, போனால் போகிறது என்று, கடைசி எழுத்தை மட்டும் திருப்பித் தந்தது. அக்கா குதித்த குதியில் செருப்பு அறுந்தது. பிறகு பாதி வரி வந்தது, பிறகு முழு வரியும். அப்போது ஒரு புதுச் சிக்கல். எதிரொலி முடிவதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால், இரண்டும் முட்டிக்கொண்டு எதுவுமே புரியாது. யார் பேசினாலும் குறுக்கே பேசுகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. "இரு, பாறை பேசி முடிக்கட்டும்" என்பாள். ஒரு வாக்கியம் சொல்வாள், நிறுத்துவாள், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது ஓய்ந்ததும் அடுத்தது.

டெமோ அன்று நானும் பாஸ்கரும் வகுப்பறைக்கு வெளியே, வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றோம். உள்ளே கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை. அக்கா தொடங்கினாள். தாவரங்கள் தங்கள் உணவைத் தாமே தயாரிக்கின்றன. கணீரென்று தூண்வரை வந்தது குரல். ஆனால் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அக்கா பின்சுவரையே பார்த்துக்கொண்டு அமைதியாக நிற்கிறாள். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். பாஸ்கர் என் கையைப் பிடித்து நசுக்கினான்.

"செத்தோம் மச்சான். அக்கா மலைக்கு வெயிட் பண்ணிகினு கீது."

டீச்சர் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நம் ஊரில் அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மொத்த வகுப்பும் ராகம் போட்டு, "தாவரங்கள் தங்கள் உணவைத் தாமே தயாரிக்கின்றன" என்றது. அக்கா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். மணி அடிக்கும்வரை அப்படியே. ஒரு பிள்ளையும் கொட்டாவி விடவில்லை. முடிந்ததும் தலைமை ஆசிரியை, இந்த முறையில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டாராம். "திருநீர்மலைப் பக்கம், மேடம்" என்றாளாம் அக்கா. ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்று அப்பா காலனி முழுக்க அல்வா கொடுத்தார்.

போன வருஷம் ஓய்வு பெற்றாள். வீட்டில் இன்னமும் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தித்தான் பேசுகிறாள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அத்தான் நடுவில் புகுந்துவிடுவார், அதில் சண்டை.

பாஸ்கர் இப்போது ரியல் எஸ்டேட். குவாரியை வாங்கி, இடித்த கட்டடங்களின் குப்பையை லாரி லாரியாகக் கொட்டி மூடி, மனை போட்டு விற்கிறான். பள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறான். தை மாதம் அக்காவையும் என்னையும் காரில் அழைத்துப்போனான். சமதளம், எல்லைக் கற்கள், கொடிகள். வாங்க வருகிறவர்களிடம் சொல்வதைப் போலவே எங்களிடமும், ரொம்ப அமைதியான இடம் என்றான். பிறகு அவனே, "ஒரு தபா சொல்லுக்கா" என்றான்.

அக்கா சொன்னாள், அதே வரியை, அதே கணீர். நிறுத்தினாள். மூன்று பேரும் நின்றோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

பாஸ்கரால் அதைத் தாங்க முடியவில்லை. கையைக் குவித்துக்கொண்டு, பாறை சொல்வதுபோல முழு வரியையும் சொன்னான், பிறகு மெதுவாகப் பாதி, பிறகு கடைசி எழுத்து. அவன் முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அச்சு அசலாக அப்படியேதான் செய்தான். ஆனால் பாறை திருப்பித் தந்தது அக்காவின் குரலை. இது பாஸ்கரின் குரல்.