எந்த லாங் லேக்?

ஆர்டிஸ் டோலஃப்சன் நல்ல வாசகி என்று நான் சொல்ல மாட்டேன். கதையில் யார் சாகப்போகிறார் என்று கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிடுவார். அந்தப் பயத்தோடு முந்நூறு பக்கம் படிக்க முடியாது என்பார்.

வான்கோழிப் பண்ணையில் பிறந்தவர். எங்கள் சிறிய கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தார். பிறகு மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் க்ளவுட் நகரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் வேலை. ஓய்வு பெறும்வரை அதே மேஜை. பழைய மாணவர்களுக்கு இணையத்தில் ஒரு புத்தகக் கிளப் நடத்த ஆள் வேண்டும் என்று கல்லூரி கேட்ட கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் ஆர்டிஸ் கையைத் தூக்கினார். அதிலிருந்து எட்டு வருடங்களாக, மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், திரையில் பதினைந்து சதுரங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரும் கல்லூரி முடித்த வருடமும் இருக்கும். ஊர் இருக்காது.

அந்த ஜனவரி ஞாயிறு ஓரின் ஃபால்ஸ்டாட் சற்றுத் தாமதமாக வந்தார். எங்களில் மூத்தவர், மனைவியை இழந்தவர். அவருக்குப் பின்னால் மரச்சுவர், ஒரு ஜன்னல், அதில் பனியின் வெள்ளை.

“மான்கேட்டோவுல இருக்கிற உங்க வீடு மாதிரி இல்லையே?” என்றார் ஆர்டிஸ்.

“வடக்கே வந்திருக்கேன்” என்றார் ஓரின்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மினசோட்டாவில் வடக்கே என்றால் ஏதோ ஒரு ஏரிக்கரையில் ஒரு கேபின், விடுமுறைக்கான சின்ன மரவீடு. எந்த ஏரி என்று கேட்பது அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுவதுபோல.

அன்றைய நாவலில் ஒருவன் தம்பிக்காகப் பொய்சாட்சி சொல்கிறான். அது சரியா என்று பேச ஆரம்பித்த ஓரின், “அவன் செஞ்சது வந்து…” என்று நிறுத்தினார். யோசிக்கிறார் என்றே நினைத்தோம். அவர் வாய் ஒரு பக்கமாக இறங்கியது. பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. கீழே தரையிலிருந்து கனமான, இழுத்து இழுத்து வரும் மூச்சு கேட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். “ஓரின், கேக்குதா?” “ஆம்புலன்ஸ்.” “யாராவது அவர் பொண்ணு நம்பர் வச்சிருக்கீங்களா?” பதினாலு குரல்களுக்கு அடியில் அந்த மூச்சு அமிழ்ந்துபோனது. “கொஞ்சம் இருங்க, ப்ளீஸ்” என்று ஆர்டிஸின் உதடு அசைந்தது, யாருக்கும் கேட்கவில்லை. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட, மரியாதைக் குறைவு என்று, அவர் யாருடைய மைக்கையும் அணைத்ததில்லை. அன்று எல்லோருடைய குரலையும் அணைக்கும் பொத்தானை அழுத்தினார்.

அமைதியானது. முழு அமைதி. ஓரினின் மைக்கும் அணைந்துவிட்டது.

நடத்துகிறவர் எவர் குரலையும் அணைக்கலாம். திரும்பத் திறக்க அவரவர் கைதான் வேண்டும். திறக்க வேண்டியவர் தரையில் கிடந்தார். ஆர்டிஸுக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். பயம் குறிப்பிட்ட ஒன்றைப் பற்றியது, பதற்றம் அப்படி இல்லை என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டும் தத்துவ நூல்களை வெகுகாலம் படித்திருக்கிறேன். அந்த முகத்தில் அப்படி ஒரு கோடு எங்கும் இல்லை.

ஆர்டிஸ் போனில் அவசர எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அங்கிருந்த பெண், “எங்கம்மா இருக்காரு?” என்றார்.

“வடக்கே.”

“வடக்கேன்னா?”

பெவ் ஹாக்ஸெத் கையை ஆட்டினார். ஓரினின் மனைவியோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். மைக்கைத் திறந்ததும், “நான் ஒருதடவை போயிருக்கேன். வாக்கர் ஊரைத் தாண்டி. லாங் லேக்” என்றார்.

போன் அந்தப் பகுதி அலுவலகத்துக்கு மாறியது. அங்கே ஒரு கரகரத்த குரல்: “எந்த லாங் லேக்?”

இந்த மாநிலத்தில் அந்தப் பெயரில் நூற்றுக்கு மேல் ஏரிகள் இருக்கின்றன.

“எங்க ஏரியாவுலயே ஒண்ணுக்கு மேல இருக்கும்மா. ரோடு பேரு ஏதாச்சும்?”

“தெரியாதுங்க” என்றார் பெவ். “அவ வண்டிய ஓட்டினா, நான் பேசிக்கிட்டே வந்தேன்.”

“நீ எப்பத்தான் பேசாம இருந்த” என்றார் ஆர்டிஸ். “பெவ், யோசி. எங்கயாவது நிறுத்தினீங்களா? என்ன சாப்பிட்டீங்க?”

“கேரமல் ரோல். தட்டு அளவுக்கு இருந்துச்சு. பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கடை. அந்தக் கடைக்காரி எங்களத் திட்டினா, காப்பிய மிச்சம் வச்சோம்னு.”

போனில் அந்தக் கரகரத்த குரல்: “பாலத்துக்கிட்டயா. அப்ப கிழக்கு லாங் லேக். குளிர்காலத்துல அங்க புகை வர்ற கேபின் ரெண்டோ மூணோதான். பசங்கள அனுப்பறேன்.”

பிறகு காத்திருந்தோம். அசையாத நாற்காலியையும் அந்த வெள்ளை ஜன்னலையும் பார்த்தபடி, ஒருவரும் எழுந்து போகாமல். ஜன்னலில் வெளிச்சம் நீலமாகிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவனும் பையோடு ஒரு பெண்ணும் உள்ளே வந்து, குனிந்து, திரையின் சட்டத்துக்குக் கீழே மறைந்தார்கள். வெகுநேரம் அவர்கள் முதுகுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவன் எழுந்து எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். வாய் மட்டும் அசைந்தது. ஆர்டிஸ் அவன் பக்கத் திரைக்கு, மைக்கைத் திறக்கச் சொல்லும் வேண்டுகோளை அனுப்பினார். அவன் கையுறையோடு தட்டினான், வேலை செய்யவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு மறுபடி தட்டினான்.

“யாரும்மா நீங்கள்லாம்?”

“புத்தகக் கிளப்” என்றார் பெவ்.

“சரி. மூச்சு இருக்கு. கண்ணத் தொறந்தாரு. மிச்சத்த ஆஸ்பத்திரில சொல்வாங்க.” அவன் மடிக்கணினியை மூடினான்.

கூட்டத்தை முடிக்கும் பொத்தான் ஆர்டிஸிடம் மட்டும்தான் இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை. நாங்களும் அப்படியே இருந்தோம்.

ஓரின் ஏப்ரலில் திரும்பி வந்தார், மகள் வீட்டிலிருந்து. இடது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. சொற்களும் மெதுவாக வருகின்றன. ஆர்டிஸ் இப்போது புத்தகத்தைப் பார்த்து நடத்துவதில்லை. ஒவ்வொரு சதுரமாகப் போய், தோள்கள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கிறார். விவாதம் முன்பைவிட மோசமாகிவிட்டது. யாரும் புகார் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் ஓரின் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார். ஆர்டிஸ் திரைக்கு அருகே குனிந்தார்.

“ஓரின், ஏதாவது சொல்லுங்க.”

“யோசிக்கிறேன் ஆர்டிஸ்.”

“சத்தமா யோசிங்க.”