சர்வருக்குக் கைவைத்தியம்

"யாரும் எதையும் தொடாதீங்க, ஒரே ஒரு வரிதான்" என்று சொல்லிக்கொண்டே நேராக சர்வருக்குள் நுழைந்துவிடுவார். பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் கம்பெனியில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். எந்த சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கோப்பைத் திறந்து, ஓடுகிற சர்வரிலேயே கை வைப்பார். நாங்கள் வைத்த பெயர் கைவைத்தியர். திருத்துவதற்கு முன் கோப்பை நகலெடுத்து 'பழசு' என்று பேர் வைப்பார். அடுத்தது 'ரொம்பப் பழசு', அதற்கடுத்தது 'இதைத் தொடாதே'. எது எதற்கென்று அவருக்கே தெரியாது.

கடைசியில் அவரே உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தார். எல்லாக் கோப்புகளின் மூலப் பிரதியும் ஒரே இடத்தில் இருக்கும். அரைமணிக்கொரு தரம் ஒரு புரோகிராம் வந்து, சர்வர்களை அதன்படி சரிசெய்துவிட்டுப் போகும். மறுவாரமே பழக்கதோஷம், ஒரு சர்வரில் கை வைத்தார். அரைமணியில் திருத்தம் காணோம். மறுபடி போட்டார், மறுபடி காணோம்.

"எவன்டா அது, நான் போட்டதையே அழிக்கிறவன்?" என்று அறை அதிரக் கத்தினார்.

பக்கத்து மேசைப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க எழுதின புரோகிராம்தான் சார்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அவர் மனைவிக்கு அடுத்த வாரம் இதய ஆபரேஷன். போன தடவை அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கட்டிலோரத்தில் லேப்டாப்பை விரித்தவர் இவர். "இந்தத் தடவை நீங்க வரீங்களா, உங்க மெஷின் வருதா?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டாராம். எங்களிடம் சொல்லும்போதே இவர் குரல் இறங்கிவிட்டது. கேலி செய்கிற எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று, சர்வருக்குள் நேரே நுழையும் அனுமதிப் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கும் திருத்தத்தை மூலப் பிரதியில் தானே எழுதினார். இனி அவரும் மூலப் பிரதியில் எழுதி, இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாற்றம்.

"நல்லா படிச்சுப் பாத்து ஓகே குடும்மா" என்றார் பக்கத்து மேசைப் பெண்ணிடம்.

"ஏதாவது அவசரம்னா, சார்?"

"நீங்கள்லாம் எதுக்கு இருக்கீங்க? நான் வார்டுல இருப்பேன்."

அவள் ஓகே கொடுத்தாள். புரோகிராம் ஒவ்வொரு சர்வராகப் போய் அவரை வெளியே அனுப்பிக்கொண்டு வந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.