தட்டற எடத்துல தேக்கு

வூட்டுக்கு அலமாரி செய்யறவன் கனத்தைக் காட்டிப் பேர் வாங்கலாம்; வண்டிக்குள்ள அலமாரி செய்யறவனுக்கு அந்தக் கனம்தான் மொத எதிரி. கேளம்பாக்கத்துல பிளாட்டு பிளாட்டா ஏறி எறங்கி கிச்சன் வேலை பார்த்துக்கினு நிம்மதியா இருந்தவன் நான். வேன்ல படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வெச்சு ஊர் சுத்தறாங்களே, அந்த கேரவன் வேலைல போய் மாட்டிக்கினேன். கார்பென்டரோ, பெயின்டரோ, பிளம்பரோ, கஸ்டமர்கிட்ட பேச்சு வாங்கின புண்ணியவான்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

டீத்தூள் மாட்டிக்கிச்சு

கோவளம் ரஹீம் பாய்தான் என் மொத கேரவன் கஸ்டமர். அடுத்தவங்க காரை ஓட்டிக்கினு இருந்தவரு, அதை உட்டுட்டு ஊர் சுத்தறவங்களுக்கு வாடகைக்கு உடலாம்னு ஒரு பழைய வேனை வாங்கி, "உள்ள வூடு மாதிரி பண்ணிக் குடு அண்ணாத்த"ன்னு எங்கிட்ட நிறுத்திட்டாரு. நானும் பிளாட்டுல பண்ற மாதிரியே எம்.டி.எப். பலகைல வழவழன்னு பண்ணிக் குடுத்தேன். எம்.டி.எப்.புன்னா மரத்தூளைப் பசை போட்டு அமுக்கினது. பார்க்க ராஜா, ஈரம் பட்டா பூரி.

பாய் வூடு கடலுக்குப் பக்கத்துல. ஐப்பசி மழையும் உப்புக் காத்தும் சேர்ந்து ஒரே மாசத்துல கதவெல்லாம் உப்பி, சட்டத்துல இறுகிப் போச்சு. காலைல ஏழு மணிக்கே போன். "அண்ணாத்த, டீத்தூள் உள்ள கீது, கதவு தொறக்க மாட்டேங்குது. டீ வோணுமா கதவு வோணுமான்னு நீயே ஒரு முடிவு சொல்லு."

பந்தில உக்காந்த வண்டி

ரோஷம் வந்துடுச்சு எனக்கு. எல்லாத்தையும் பேத்துட்டு, தண்ணில வேகவெச்சாலும் பிரியாத பிளைவுட்டு, அதுவும் முக்கால் இஞ்சு கனத்துல, கூடுவாஞ்சேரி கடைலேர்ந்து எறக்கினேன். ஈரமா? கிட்ட வர முடியாது. ஆனா ஒரு அலமாரியை உள்ள ஏத்தறதுக்கே நாலு பேர் வேண்டியிருந்துது. அப்பவாவது என் மண்டைல உறைச்சிருக்கணும், உறைக்கல.

அந்த நேரம் பார்த்து பாய்க்கு மொத புக்கிங் வந்துது. கேளம்பாக்கத்து ஐ.டி. குடும்பம் ஒண்ணு பொங்கல் லீவுக்கு ஏற்காடு போகணுமாம். பாய் சந்தோஷமா வண்டியை எடுத்தாரு. தெரு முனை ஸ்பீடு பிரேக்கர்ல பின்பக்கம் கர்ருன்னு தேச்சுது. இதுல அஞ்சு பேரு, சாமான், தண்ணி டேங்கு எல்லாம் ஏறினா மலை எப்படி ஏறும்? பொங்கலுக்குப் பன்னண்டு நாள்தான் இருந்துது. இந்தப் பார்ட்டி போச்சுன்னா பாய் மறுபடி அடுத்தவன் காரை ஓட்டப் போகணும்; என் பேரு கோவளத்துலேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் நாறும். பாய் குனிஞ்சு பின் டயரைப் பார்த்தாரு. "இன்னா அண்ணாத்த, வண்டி பந்தில உக்காந்த மாதிரி கீது, எழுந்துக்கவே மாட்டேங்குது?"

ஊற வெச்சது

இந்த தபா சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் மறுவேலைன்னு முடிவு பண்ணேன். நாலஞ்சு தினுசு பலகைத் துண்டை மீன்காரம்மா தராசுல நிறுத்து, பக்கெட் தண்ணில முக்கி, மூணு நாள் கழிச்சு திரும்ப நிறுத்தேன். எடை ஏறிச்சுன்னா பலகை தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம். பி.வி.சி. போம் போர்டு, அதான் நுரை மாதிரி பிளாஸ்டிக் பலகை, அப்படியே இருந்துது, தூக்கினா அப்பளம். ஆனா அதுல ஸ்க்ரூ சரியா பிடிக்காது, நீளமா வெச்சா வெயில்ல தொங்கிடும். அதனால சட்டத்துக்கு படகுக்குப் போடற மெரைன் பிளைவுட்டு மெல்லிசா, வெட்டின ஓரம் பூரா தண்ணி எறங்காத மாதிரி பூச்சு, கதவுக்கு போம் போர்டு, துருப் பிடிக்காத ஸ்க்ரூன்னு கலந்து கட்டினேன்.

மூணு நாளா பக்கெட்டு கிடைக்காம என் வூட்டுக்காரம்மா கலாவுக்கு செம கடுப்பு. பக்கத்துல இட்லி அரிசி ஊறிக்கினு இருந்துது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு சொன்னா: "நான் ஊற வெச்சா இட்லி வருது. நீ ஊற வெச்சா இன்னாய்யா வருது?"

பொம்மை வூடு

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, கைப்பிடி மட்டும் பாக்கி, மத்த வேலை முடிஞ்சுது. வண்டி நிமிர்ந்து நின்னுது. பாய் சம்சாரம் ஜமீலா பார்க்க வந்தாங்க. நம்ம ஊர்ல ஒரு பழக்கம் கீது பாருங்க, அலமாரியை யாரும் மொதல்ல தொறந்து பார்க்கறதில்ல, விரலை மடக்கித் தட்டுவாங்க. அந்தம்மாவும் தட்டினாங்க. காலி டப்பா சத்தம். "அண்ணா, இது பொம்மை வூடு. தட்டினா ஒரு வெயிட்டு வோணாமா? பார்ட்டி தட்டிப் பார்த்துட்டு அப்படியே எறங்கிடுவாங்க."

சிவப்புப் பூ

அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல. கதவையே பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். கைப்பிடி ஸ்க்ரூ நிக்கறதுக்கு எப்படியும் உள்பக்கம் ஒரு மரக்கட்டை ஒட்டியாகணும். சரி, தட்டறவன் எங்க தட்டறான்? கைப்பிடிகிட்டதானே! பழைய தேக்கு ஜன்னல் ஒண்ணை அறுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டு, கதவுக்கு ஒண்ணா ஒட்டிட்டேன். மொத்தமும் ஒரு தேங்காய் கனம்தான். தட்டினா, டொக்கு!

கெளம்பற அன்னிக்கு அந்த ஐ.டி. சார் உள்ள ஏறினாரு. விரலை மடக்கினாரு. கை நேரா கதவோட கீழ் மூலைக்குப் போச்சு. தொலைஞ்சோம்னு கண்ணை மூடிக்கினேன். டொக்கு! தொறந்து பார்த்தா, கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் பூ ஸ்டிக்கர், மூலைக்குப் போன அவர் விரலு இப்ப அது மேல. எல்லாக் கதவுலயும் அதே பூ. சத்தியமா நான் ஒட்டல. சார் திருப்தியா தலையாட்டி உக்காந்தாரு.

நாலு நாள் கழிச்சு, மழை, பனி எல்லாம் பார்த்துட்டு வண்டி திரும்பி வந்துது. ஒரு கதவுகூட உப்பல. பாய் அடுத்த பார்ட்டிகிட்ட போன்ல பேசிக்கினு இருந்தாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. ஜமீலா டீ கொண்டாந்து குடுத்துட்டு, மெதுவா சொன்னாங்க: "மேலேர்ந்து கீழ வரைக்கும் தட்டிப் பார்த்துட்டேன், அண்ணா. எங்க டொக்குன்னு சத்தம் வருதோ, அங்க பூ ஒட்டிட்டேன். பூவைப் பார்த்தா விரலு தானா அங்கதானே போகும்."

இத்தினி வருஷம் மரவேலை பார்த்து நான் கண்டது, ஜனங்களுக்குத் தேக்குதான் வோணும், ஆனா விரல் முட்டி படற அளவுக்கு இருந்தா போதும்.